நோட்டம்மா வரைந்த நடை

மாடி வீட்டுக்காரிக்கு நோட்டம்மா என்று பெயர் வைத்தது நான்தான். கையில் எப்போதும் ஒரு நோட்டு, கண்ணில் எப்போதும் ஒரு நோட்டம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெயராக இருக்கட்டுமே என்று ஒருநாள் வேடிக்கையாகச் சொல்லி வைத்தேன். தெரு முழுக்க அதுவே நிலைத்துவிட்டது. அவளுக்கும் அதில் வருத்தமில்லை. "சொந்தப் பேரைவிட இதுதான் அக்கா எனக்குப் பொருந்துது" என்றாள்.

கீழ் வீட்டில் நான் தையல் கடை வைத்திருந்தேன். மாடிப்படி என் கடை வாசலை உரசிக்கொண்டுதான் மேலே ஏறும். அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் போனாலும் எனக்குத் தெரியாமல் நடக்காது.

அவள் புருஷன் தபால்காரர். ஒல்லியான, உயரமான ஆள். ஆற்றங்கரைச் சந்தில் ஆரம்பித்து மேட்டுத்தெருவின் உச்சி வரைக்கும் இருபத்திரண்டு வருஷமாக அவர் பகுதி. பாதி வழி கல்படி என்பதால் சைக்கிள் உதவாது, எல்லாம் நடைதான். பை தொங்கித் தொங்கி இடது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். சட்டை வெட்டும்போது அந்தப் பக்கத்தை நான் கொஞ்சம் தாழ்த்தி வெட்டுவேன். அவருக்கே அது தெரியாது. அது தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். நான் துணியில் கண்டுபிடித்தேன், நோட்டம்மா பென்சிலில் கண்டுபிடித்தாள்.

அவர் ஏழு மணிக்குக் கிளம்பினால் அவளும் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவாள். ஒருநாள் காய்கறிச் சந்தை, ஒருநாள் பஸ் பணிமனை, ஒருநாள் படகுத்துறை. மூட்டை தூக்குகிறவன் எந்தக் காலை முதலில் ஊன்றுகிறான், டிரைவர் கதவைச் சாத்தும்போது இடுப்பு எப்படித் திரும்புகிறது என்று பார்த்துப் பார்த்துப் போடுவாள். கை தன்பாட்டுக்கு ஓடும், கண் தாளுக்கு இறங்காது. யாராவது தலையை வாரிக்கொண்டு முன்னால் வந்து நின்றால், "நீங்க நிக்க வேண்டாம். உங்க வேலையைப் பாருங்க. எனக்கு அதுதான் வேணும்" என்பாள். பத்து மணிக்குத் திரும்பி வந்து ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்தாளானால் வெயில் சாய்கிறவரை எழுந்திருக்க மாட்டாள்.

அந்த மேஜையை முதல் தடவை பார்த்தபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நடுவில் பலகையை அறுத்துக் கண்ணாடி பதித்து, அடியில் விளக்கு வைத்திருந்தாள். அதன்மேல் ஒரு தாள், தாள்மேல் இன்னொரு தாள். கீழே இருக்கிற படம் மேலே தெரியும். அதைவிட ஒரு நூலளவு நகர்த்தி அடுத்த படத்தைப் போடுவாள்.

"ஒரு நொடிக்குப் பன்னிரண்டு படம் அக்கா."

"நிமிஷத்துக்கா?"

"நொடிக்கு."

"உனக்கென்ன பைத்தியமா?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்று சிரித்தாள்.

பள்ளிக்கூடப் புத்தகங்களுக்குப் படம் போட்டுக் கொடுப்பது அவள் பிழைப்பு. இந்தப் படத்துக்குப் பின்னால் கம்பெனி கிடையாது, கூட வேலை செய்ய ஆள் கிடையாது. ஏழு நிமிஷப் படம், ஐந்து வருஷமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தபால்காரரின் ஒருநாள் நடை, அவ்வளவுதான் கதை. மாதிரிக்கு ஆள் தேட வேண்டியதில்லை, வீட்டிலேயே இருந்தது.

"ஊர்ல எல்லாரும் கையைப் பிடிச்சுக் கல்யாணம் பண்ணிப்பாங்க. இவ என் காலைப் பாத்துப் பண்ணிக்கிட்டா" என்பார் தபால்காரர். துணி கொடுக்க வந்தாலும் வாங்க வந்தாலும் ஒரு வேடிக்கை சொல்லாமல் அவர் படி ஏறியதில்லை.

ஆறு நிமிஷம் முடிந்திருந்த சமயத்தில் வெளிநாட்டுப் படவிழா ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. அவள் அனுப்பியிருந்த ஆறு நிமிஷத்தைப் பார்த்துவிட்டு, முடித்து அனுப்பினால் திரையிடுகிறோம் என்று தேதி கொடுத்திருந்தார்கள். அந்தக் கடிதத்தை அவரேதான் கொண்டுவந்தார். மனைவிக்கு வந்த கடிதம் என்று சும்மா கொடுக்கவில்லை. படியடியில் நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "அம்மா, தபால்!" என்று தெருவே கேட்கக் கத்தினார். அவள் ஓடி வந்து வாங்கினாள். படத்தில் ஒரு நிமிஷம்தான் பாக்கி. மேட்டுத்தெருப் படிகளில் அவர் ஏறுகிற இடம்.

மழைக்காலத்தின் முதல் வாரத்தில் அந்தப் படியிலேயே அவர் விழுந்தார். கல்லில் பாசி பிடித்திருந்தது. விழும்போது கையை ஊன்றியிருக்கலாம். கடிதம் நனைந்துவிடக் கூடாதென்று இரண்டு கையாலும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்திருக்கிறார். பையில் ஒரு தாளும் நனையவில்லை. வலது தொடை எலும்பு இரண்டாகப் போய்விட்டது.

ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். மூன்று வாரம் கழித்துத் தபால் ஆபீஸ்காரர்கள் நாலு பேர் அவரை நாற்காலியோடு தூக்கி மாடியேற்றினார்கள். என் கடை வாசலைத் தாண்டும்போது அவர் என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அன்றைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாசலைப் பார்த்தபடி மெஷினை மிதித்து ஒருத்தியின் ரவிக்கையில் கையை மாற்றித் தைத்துவிட்டேன்.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். அவருக்கு இரண்டும் ஒன்றாக நின்றுபோயின. வாரத்துக்கு மூன்று நாள், காலுக்குப் பயிற்சி கொடுக்கப் பிசியோ பெண் வந்தாள். குட்டையான, கணீர்க்குரல் பெண். அவள் எண்ணுவது மட்டும் கீழே கேட்கும், அவர் பதில் சொல்வது கேட்காது. எலும்பு சேர்ந்துவிட்டது, இனி கம்பை ஊன்றி வெளியே இறங்கி நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் அவர் அறையைத் தாண்டவில்லை.

"நாலு பேர் பாக்க நொண்டிக்கிட்டு வரச் சொல்றியா?" என்று ஒருநாள் அவர் கேட்டது கூரை வழியாக எனக்குக் கேட்டது.

அதற்கடுத்த வாரம் பெரிய சத்தம். "என்னைப் போடாதே! போட்டதெல்லாம் போதும்!" ஏதோ விழுந்து உருண்டது, பென்சில் டப்பாவாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் நோட்டம்மா இறங்கி வந்து என் மெஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். மூடிய நோட்டை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"கட்டிலை விட்டு எந்திரிக்க முயற்சி பண்ணிட்டிருந்தார் அக்கா. பழக்கதோஷத்துல பென்சிலை எடுத்துட்டேன்."

"வலியில கோவமா சொல்லியிருப்பார். விடு."

"கோவம்னா பரவாயில்ல. பயத்துல சொன்னார்."

நான் டீ போட்டுக் கொடுத்தேன். குடித்தாள். ரொட்டியை டீயில் நனைத்து அப்படியே வைத்திருந்து, அது உடைந்து கோப்பைக்குள் விழுந்ததுகூடத் தெரியாமல் இருந்தாள். அன்றிலிருந்து அவரை வரைவதை நிறுத்திவிட்டாள். மேஜை விளக்கும் எரியவில்லை. படவிழாத் தேதிக்கு இரண்டு மாதம் இருந்தது.

நாலைந்து நாள் கழித்துக் காலையில் நோட்டோடு இறங்கினாள். "சந்தைக்கா?" என்றேன்.

"இல்ல அக்கா. அவர் வழியில போயிட்டு வரேன்."

எனக்கும் மேட்டுத்தெருவில் தைத்த கோட்டு ஒன்றைக் கொடுக்க வேண்டியிருந்தது. கூடப் போனேன். ஆற்றங்கரைச் சந்தில் நுழைந்ததுமே விசாரணை ஆரம்பித்துவிட்டது. கடிகாரக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்து வந்தார். "இப்ப வர்ற ஆள் கதவுக்கு மேல வீசிட்டுப் போறாரும்மா. போன வாரம் என் கடிதம் மீன்தொட்டியில கிடந்துச்சு. அவர் எப்ப வருவார்?" நாய்க்காரம்மா என்று ஒருத்தி. அவளுக்குக் கடிதமே வராது. வந்தாலும் வராவிட்டாலும் தினமும் கேட்டில் நின்று தபால்காரரோடு ரெண்டு வார்த்தை சண்டை போட்டால்தான் அவளுக்குப் பொழுது விடியும். "சொல்லு அந்த மனுஷன்கிட்ட. ரெண்டு மாசமாத் திட்ட ஆளில்லாம நாக்கு மரத்துப்போச்சு" என்றாள்.

நோட்டம்மா எல்லோரையும் வரைந்தாள். குனிந்திருக்கிற முதுகு, கேட்டில் சாய்ந்திருக்கிற முழங்கை, வெயிலில் மல்லாந்து கிடக்கிற நாய். வீட்டுக்குப் போய் அவரிடம் ஒன்றும் காட்டவில்லை. கட்டில் பக்கத்தில் டீயை வைத்து, பக்கத்திலேயே நோட்டைத் திறந்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாளாம்.

அப்புறம் உள்ளேயிருந்து குரல் வந்திருக்கிறது.

"கடிகாரக்காரர் அந்தப் பூதக்கண்ணாடியை வலது கண்ணுல மாட்ட மாட்டார். இடது கண்ணு."

"அப்படியா? மாத்திடறேன்."

"இந்த நாய் எப்ப இவ்வளவு குண்டாச்சு?"

"நீங்க போகாததாலதான். துரத்த ஆளில்லை, படுத்தே கிடக்குது."

அப்போது எழுந்த சிரிப்பு மெஷின் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது. காலை எடுத்துவிட்டு மேலே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். துணி வாங்க வந்த பெண், "என்னக்கா, கூரையில பல்லியா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு தினமும் அவள் போவாள், வரைவாள். தினமும் அவர் திருத்துவார். இந்த வாசலில் விளக்கு இருக்கிறதே, அது எங்கே? இந்தப் பெரியவர் கையெழுத்துப் போடும்போது நாக்கைக் கடிப்பாரே, பார்க்கவில்லையா? மூன்றாவது வாரத்தில் இரண்டு பேரும் சத்தம் போட்டு வாதாடும் அளவுக்கு வந்துவிட்டார்கள். கால் மட்டும் அறைக்குள்ளேயே இருந்தது.

ஒருநாள் அவருடைய கால்சட்டையைச் சுருக்க அளவெடுக்கக் கூப்பிட்டாள். அடிபட்ட கால் குச்சியாக இளைத்திருந்தது. பிசியோ பெண்ணும் இருந்தாள்.

"எத்தனை தடவை சார் சொல்றது? தலையைத் தூக்குங்க. ரெண்டு கால்லயும் சமமா நில்லுங்க."

"நின்னுட்டுத்தானே இருக்கேன்."

"நிக்கல சார்!"

"நான் நிக்கிறது எனக்குத் தெரியாதா?"

நோட்டம்மா சுவரோரம் நின்றிருந்தாள். "என்னங்க, ஒரே ஒரு நொடி போட்டுக்கட்டுமா? பன்னிரண்டு படம். பிடிக்கலேன்னா உங்க கையாலயே கிழிச்சிடுங்க."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அளவு நாடாவை மடக்கி விரித்து மடக்கினேன்.

"ஒரு நொடிதான்" என்றார்.

கட்டிலிலிருந்து ஜன்னல் வரைக்கும் நாலு தடவை நடந்தார். அவள் தரையில் உட்கார்ந்து அவர் காலையே பார்த்துக் கிறுக்கினாள். பிறகு ஒரு மணி நேரம் மேஜை விளக்கைப் போட்டு உட்கார்ந்தாள். பிசியோ பெண்ணும் அடுத்த வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தாள். தாள்களை அடுக்கிக் கொண்டுவந்தபோது தபால்காரர் எண்ணிப் பார்த்தார்.

"பதினேழு இருக்கு. பன்னிரண்டுன்னே?"

"நீங்க மெதுவா நடந்தா நான் என்ன செய்ய?"

தாள்களின் ஓரத்தைக் கட்டைவிரலால் விசிறிக் காட்டினாள். குட்டி மனிதன் ஒருவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு விந்தி விந்தி நடந்தான்.

"யாரு இவன்? தொலைஞ்சுபோன காசைத் தேடறவன் மாதிரி."

"அந்த ஆளைத்தான் சார் ரெண்டு மாசமாத் திட்டிட்டிருக்கேன்" என்றாள் பிசியோ பெண்.

நோட்டம்மா இந்தத் தடவை ஒவ்வொரு தாளாகத் தள்ளிக் காட்டினாள். "இங்க பாருங்க. வலது கால் முன்னால வர்றதுக்குப் பதினாலு படம் ஆகுது. அது தரையைத் தொட்டதும் இடது கால் என்ன பண்ணுது? மூணே படத்துல ஓடிவந்து ஊனிக்குது. அந்தக் கால்மேல நிக்க நீங்க நேரமே குடுக்கல." பிறகு மெதுவாகச் சொன்னாள். "அடிபட்டது வலது கால். பயப்படறது இடது கால்."

அவர் தாள்களை வாங்கித் தானே விசிறிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். டாக்டர் சொல்லியும் பிசியோ பெண் கத்தியும் காதில் ஏறாதது அந்தப் பதினேழு தாளில் கண்ணுக்குள் போய்விட்டது. கம்பை ஊன்றி எழுந்து நின்று, வலது காலை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அதன்மேல் நின்றார். நெற்றி வேர்த்தது. பிறகுதான் இடது கால் வந்தது.

"இப்ப எத்தனை?"

"அஞ்சு இருக்கும்."

"பொய் சொல்றே."

"நாலு."

"அது!" என்றார்.

அதிலிருந்து அந்த வீட்டில் குணமாவதற்குக் கணக்கே படம்தான். இந்த வாரம் ஐந்து படம், அடுத்த வாரம் ஏழு படம். பிசியோ பெண் தன் மற்ற நோயாளிகள் இரண்டு பேருக்கும் இப்படி வரைந்து தர முடியுமா என்று கேட்டு வாங்கிப் போனாள். என் தலைக்கு மேலே கம்பும் காலும் மாறி மாறி விழுகிற சத்தம் நாளுக்கு நாள் ஒழுங்குக்கு வந்தது. நான் அதற்கு ஏற்றாற்போல மெஷின் மிதிக்கப் பழகிவிட்டேன்.

படவிழாத் தேதிக்கு இருபது நாள் இருந்தது. பழைய நோட்டுகளில் அவருடைய பழைய நடை நூறு விதமாக இருந்தது. அதைப் பார்த்துப் போட்டால் படியேறுகிற அந்த ஒரு நிமிஷத்தை இரவுபகலாக உட்கார்ந்து முடித்துவிடலாம். பாதி முடித்தும்விட்டாள். ஒருநாள் அந்தப் படங்களைப் போட்டோ எடுத்துச் சேர்த்து, புரொஜெக்டரில் ஓட்டி அவருக்குக் காட்டினாள். நானும் பார்த்தேன். சுவரில் ஒரு மனிதன் துள்ளித் துள்ளிப் படியேறினான்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். சுவரைப் பார்த்தபடியே, "ஆனா அந்தப் படியில இனிமே நான் இப்படி ஏறப் போறதில்லையே" என்றார்.

"படத்துலயாவது ஏறட்டுமே."

"எதுக்கு? நான் ஏற மாட்டேன்னு சொல்லல. வேற மாதிரி ஏறுவேன். வந்து பாரு, வந்து போடு."

அவரே வெளியே வருகிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ஆனால் ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது என்றார். மறுநாள் விடிந்தும் விடியாத நேரத்தில் மூன்று பேரும் கிளம்பினோம். அவருக்கு உட்காரத் தேவைப்படும் என்று நான் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டேன். விழுந்த இடத்துக்கு வந்ததும் நின்றார். யாரோ பாசியைச் சுரண்டிச் சாம்பல் தூவி வைத்திருந்தார்கள்.

"ஒரு படி ஏறிட்டு உக்காருங்க" என்றேன் நான்.

"நாப்பத்தொரு படி. நாப்பத்தொரு தடவை உக்காந்தா நாய்க்காரம்மா எழுந்திரிச்சிடுவா."

ஏறினார். நல்ல கால் முதலில், பிறகு கம்பு, பிறகு மற்றது. நோட்டம்மா அவருக்கு நாலு படி மேலே, முகம் அவரைப் பார்த்தபடி, பின்னோக்கி ஏறினாள். படியை அவள் பார்க்கவில்லை, தாளையும் பார்க்கவில்லை. இவளும் விழுந்தால் யார் யாரைத் தூக்குவது என்று ஒரு கையில் ஸ்டூல், மறுகையில் அவள் சேலைத் தலைப்பு என்று பிடித்துக்கொண்டே போனேன். ஆறு நாள் அப்படிப் போனோம்.

ஆறாவது நாள் திரும்பி வந்து, முடித்த பாதியைத் தனியே கட்டி அலமாரியில் போட்டாள். எழுநூற்றுச் சொச்சம் படம் முதலிலிருந்து போட வேண்டும். தேதிக்குள் முடியாதென்று படவிழாவுக்குக் கடிதம் எழுதி, ஒட்டுவதற்கு என் கடைக்குப் பசை கேட்டு வந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அஞ்சு வருஷ உழைப்புடி. கையில வந்ததை இப்படித் தட்டிவிடுறியே. இதை அனுப்பிட்டு அப்புறம் மாத்திக்கக் கூடாதா?"

"படவிழா அடுத்த வருஷமும் வரும் அக்கா. இந்த நடை அடுத்த வருஷம் இருக்காது. தினமும் மாறிட்டே வருது. இப்பவே போட்டாத்தான்." உறையின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். கண் கலங்கித்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். ஆனாலும் எழுந்து போய் அன்றைக்கே மேஜையில் உட்கார்ந்துவிட்டாள். நான் எத்தனையோ கெட்டிக்காரர்களுக்குத் துணி தைத்திருக்கிறேன். அப்படி அசையாமல் உட்கார்ந்த முதுகை நான் பார்த்ததில்லை.

அடுத்த கோடை வந்தபோது படம் முடிந்தது. அவரும் ஆபீஸில் உட்கார்ந்து தெருவாரியாகக் கடிதம் பிரிக்கிற வேலைக்குத் திரும்பியிருந்தார். முதல் தடவையாக எங்கே காட்டுவது என்ற பேச்சு வந்தபோது, கடிதம் பிரிக்கிற ஹாலிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காட்டுவது என்று முடிவானது. ஆபீஸ் ஆட்கள் பத்துப் பேர் மட்டும்தான், தன் பகுதிக்காரர்கள் ஒருத்தரும் வரக் கூடாது என்று தபால்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நோட்டம்மா யாரிடமும் மூச்சு விடவில்லை. பிசியோ பெண்ணை மட்டும் அழைத்திருந்தோம், வெளியே சொல்லாதே என்று அவளிடம் சொல்ல மறந்துவிட்டோம்.

யாரும் வருவதற்கு முன்பே அவர் போய்ப் பின்வரிசை மூலையில் உட்கார்ந்துகொண்டார். கம்பை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டார். அப்புறம் பார்த்தால் கடிகாரக்காரர் வருகிறார், நாய்க்காரம்மா வருகிறாள், கையெழுத்துப் போடும்போது நாக்கைக் கடிக்கிற பெரியவர் வருகிறார். ஐம்பது பேருக்குக் குறையாது. தபால்காரர் முகம் சுருங்கிவிட்டது. எழுந்து போகவும் முடியாது, போனால் எல்லோரும் பார்ப்பார்கள்.

ஜன்னல்களைச் சாத்தினார்கள். வெள்ளைச் சுவரில் படம் ஓடியது. பேச்சில்லாத படம், பென்சில் கோடுதான். ஆற்றங்கரையில் துள்ளிப் புறப்பட்ட நடை, வெயில் ஏற ஏறக் கனத்து, கடைசியில் கம்பின்மேல் சாய்ந்து, ஒரு படியில் நின்று, மூச்சு வாங்கி, அடுத்த படியில் ஏறியது. விழுகிற காட்சி அதில் இல்லை. ஏறுவதை முழுக்கப் போட்டிருந்தாள். எனக்குப் பக்கத்தில் பிசியோ பெண் உதட்டசைவில் எண்ணிக்கொண்டிருந்தாள். தபால்காரன் ஒரு கதவைத் தட்டுகிறான், கதவு கொஞ்சம் திறக்கிறது, ஒரு கை வெளியே நீள்கிறது. அத்தோடு முடிந்தது. அந்தக் கடைசிப் படத்தை அப்படியே சுவரில் நிறுத்தி வைத்தாள்.

கை தட்ட வேண்டுமென்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. பிறகு கடிகாரக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"அது என் வீட்டுக் கதவு."

"யார் சொன்னது? என் வீடு. நாயை மட்டும் போடாம விட்டிருக்கா" என்றாள் நாய்க்காரம்மா.

"உங்க வீட்டுக்கு ஏது தபால்?"

"வரக் கூடாதா எனக்கு?"

பெரியவரும் தன் வீடுதான் என்றார். ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள். இருபத்திரண்டு வருஷம் தபால் போட்ட மனுஷனால் தப்பான விலாசத்தை எத்தனை நேரம் கேட்டுக்கொண்டிருக்க முடியும்? பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது.

"மூணு பேர் வீடும் இல்ல!"

கம்பை எடுத்துக்கொண்டு எழுந்தார். வரிசைகளுக்கு நடுவே, வலது காலில் நின்று, இடது காலை வைத்து, ஐம்பது பேர் பார்க்க ஹாலின் முழு நீளமும் விந்தி நடந்து சுவர்வரைக்கும் போனார். நடக்கிறோம் என்கிற நினைப்பே அவருக்கு இல்லை. நோட்டம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தி வலித்தது. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"கண்ணைத் திறந்து பாருங்கய்யா! கதவுல தபால் துவாரம் கீழ இருக்கு பாருங்க. மேட்டுத்தெரு உச்சியில பதினேழாம் நம்பர். அங்கதான் ஒவ்வொரு நாளும் நான் குனிஞ்சு செத்தேன்!" என்று கம்பால் சுவரைத் தட்டிக் காட்டினார். வெளிச்சம் அவர் சட்டைமேல் விழுந்து, பென்சில் தபால்காரன் அவருடைய முதுகில் பாதியும் சுவரில் பாதியுமாக நின்றான்.

"தள்ளி நில்லு தபால்காரா!" நாய்க்காரம்மா எழுந்து நின்று கத்தினாள். "படத்தை மறைக்கிறே!"

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளிச்சத்துக்குள் திரும்பினார்.

"மறைச்சா என்ன? ரெண்டும் நான்தானே!"